செல்போன் நலம் கேட்ட பதின்மூன்று நாள்

பெரிய மனசும் கொஞ்சம் முன்கோபமும் உள்ள மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை எழுதும் கடிதம். "நாங்கள் இருவரும் நலம்" என்று தொடங்குவதுதான் என் வழக்கம். நலம் நலம் என்று சொல்லியே இப்போது மாட்டிக்கொண்டிருப்பதால் இந்த ஒரு தடவை அதை விட்டுவிடுகிறேன். நீங்களும் அக்காவும் சுகமாக இருங்கள்.

குடலில் புற்றுநோய் என்று உங்கள் தங்கைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள் அல்லவா, நாலாவது தடவை போனபோது, புதன்கிழமை, நர்ஸம்மா என் செல்போனை வாங்கி அதில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். தினமும் காலை எட்டு மணிக்கு அதுவே வாய்விட்டு ஏழு கேள்வி கேட்குமாம், ஒவ்வொன்றுக்கும் சிரிக்கிற மூஞ்சியில் தொடங்கி அழுகிற மூஞ்சிவரை ஐந்து மூஞ்சி வருமாம், ஒன்றைத் தொட்டு, வேண்டுமானால் வாயாலும் விவரம் சொன்னால் ஆஸ்பத்திரியில் தெரிந்துவிடுமாம், எழுத்துத் தெரிய வேண்டியதே இல்லையாம். நாற்பத்தோரு வருடம் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் இல்லாமல் முகத்தைப் பார்த்தே வண்டியை எடுத்துக் கொடுத்தவனுக்கு ஐந்து மூஞ்சி ஒரு பெரிய காரியமா? மறுநாள் எட்டு மணிக்கு, "இன்று எப்படி இருக்கிறீர்கள், வலி இருக்கிறதா" என்று கேட்டது. கையில் வைத்திருப்பவனைத்தானே கேட்கும் மச்சான். இடது முட்டி வலியைச் சொன்னேன். தூக்கம் வந்ததா என்றது, இல்லை. வயிறு கழிந்ததா என்றது, மூன்று நாளாக இல்லை. கடைசிக் கேள்வி, விரல் மரத்துப் போகிறதா. எனக்கு ஏது மரப்பு, சிரிக்கிற மூஞ்சி. அவள் படுத்ததிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவளைத்தான் விசாரிக்கிறார்கள், அதுதான் நியாயம், இருந்தாலும் வீட்டுக்காரனையும் ஒருத்தர் தினம் விசாரிக்கிறார்களே என்று மனசு குளிர்ந்து போனது. இப்படிப் பதின்மூன்று நாள்.

பதினாலாம் நாள் புதன்கிழமை, ஐந்தாவது தடவைக்குப் போனால், டாக்டர் அவள் முட்டியை அமுக்கு அமுக்கென்று அமுக்கி, எக்ஸ்ரே எழுதி, மலச்சிக்கலுக்கு ஒரு பாட்டில் மருந்தும் எழுதினார். என் முட்டிக்கு என்ன, மாடி ஏறித்தானே வந்தேன் என்றாள் இவள். நர்ஸம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, யாருக்கு வலின்னு தொட்டீங்க?"

"என்னைத்தானேம்மா கேட்டுச்சு."

நர்ஸம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம், இந்த மருந்து விரல் நரம்பைத் தாக்கும், மரப்பு வந்தால் உடனே அளவைக் குறைக்க வேண்டும், விட்டுவிட்டால் விரல் பழையபடி திரும்பாமலே போகலாம் என்றார். இவளைக் கேட்டார். நல்லாத்தான் இருக்கு டாக்டர் என்றாள்.

அன்றிலிருந்து போன் அவள் கையில். அது கேட்டு முடிப்பதற்குள் ஏழுக்கும் சிரிக்கிற மூஞ்சி. எனக்குக் கண் இருக்கிறது மச்சான். வெள்ளிக்கிழமை ஒரு டம்ளர் விழுந்தது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. முப்பது வருடம் தையல் கடையில் சட்டைக்குக் காஜா எடுத்தவள், செவ்வாய்க்கிழமை ஊசியில் நூல் கோக்கப் பதினோரு தடவை பார்த்துவிட்டு, வெளிச்சம் போதவில்லை என்று ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டாள். அப்போது பகல் பதினொன்றரை மணி. பிடித்துக் கேட்டேன்.

"மருந்தைக் குறைச்சா நோவு மிச்சம் நின்னுடும். விரல் போனா போகட்டும், நான் உங்ககூட இருந்தா போதாதா?" என்றாள்.

அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு டீச்சரை எழுதச் சொல்லுங்கள் என்றாள், நீதான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார வைத்திருக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அவள் எழுதும் வரி தெரியும், ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிள் மாதிரி ஒன்றுகூடச் சாயாது. இப்போது பாருங்கள், பாதி வண்டி கீழே கிடக்கிறது. அவளுடைய பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு சாட்சி வேண்டாம். (இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னை முறைத்தாள். எழுது என்றேன்.) மச்சான், நான் சொன்னால் அவளுக்குக் காது கேட்காது, அண்ணன் ஒரு அதட்டு அதட்டினால் கேட்கும். அதட்டுங்கள். அந்த ஆப்பைப் புதன்கிழமை நர்ஸம்மாவிடமே எடுத்துவிடச் சொல்லப் போகிறேன், என்னையும் ஏமாற்றியது, அவளுக்கும் உடந்தையாக இருக்கிறது.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு, கைநாட்டு.

பின்குறிப்பு: அண்ணே, இது நான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை விடவில்லை, எழுதி முடிக்க நாலு நாள் ஆனது. இதற்குக் கீழே இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் தன் வலியைத்தான் சொல்கிறார் என்று முதல் நாளே எனக்குத் தெரியும், அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு நோய் வந்ததிலிருந்து என்னிடம் அவர் வலி என்று வாய் திறந்ததில்லை. போனிடமாவது சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். பாட்டில் மருந்தும் அவர் வயிற்றுக்குத்தான் போகிறது, நல்ல குணம். நாலு நாளாக இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தது போதும் என்று, இன்று காலை கடைசிக் கேள்விக்கு அழுகிற மூஞ்சியைத் தொட்டேன். தொட்டது விரலுக்குத் தெரியவில்லை, மூன்று தடவை தொட்டேன். கால்மணி நேரத்தில் டாக்டரே பேசினார். புதன்கிழமை அளவைக் குறைக்கிறாராம், நோயை அடிக்க அது போதுமாம், முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்றார். அப்போது வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார், அவருக்குத் தெரியாது. ஆகவே நீ என்னை அதட்ட வேண்டாம். கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் போட்டு, என்னைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டதாகச் சொல். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.