கடுகளவு பெத்லகேம்

சேசு மரி சூசை துணை

வல்லம் வடகால்,
திருவருகைக் காலம் இரண்டாம் வாரம், புதன்கிழமை.

அன்பும் அடக்கமும் உள்ள அண்ணன் மகன் பிரசன்னாவுக்கு, உன் அத்தை சலேத்மேரி ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. ஜெர்மனியின் பனியும் குளிரும் உன்னை அண்டாமல் சம்மனசுகள் போர்வை போர்த்திக் காக்கட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும் என்றுதான் ஆறாம் வகுப்பில் மதலேனம்மா டீச்சர் சொல்லிக்கொடுத்தார். பொய் எழுதினால் பாவம் என்று சொல்லிக்கொடுத்ததும் அதே டீச்சர்தான். ஆகையால் சுகத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப்பில் பேசாமல் அத்தை ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் இருக்கிற ஒரு போனும் உன் மாமா கையை விட்டு இறங்குவதில்லை. நான் பேசினால் பக்கத்தில் நின்று கேட்பார். உன் கம்பெனி ஸ்ரீதர் நாளைக்கு விமானம் ஏறுகிறார். ஒரகடத்தில் அவர் வீட்டுக்கே போய் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப்போகிறேன். அவர் இருபத்திரண்டாம் தேதி திரும்பி வரும்போது, உன் மாமா உன்னிடம் கேட்டிருக்கிற பெட்டியை அவர் கையில் கொடுத்தனுப்பாதே. இவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் விளக்கம்.

என் மகள் இசைவாணிக்கு ஏழு வருஷம் ஒன்றும் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளையின் முதல் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் மாட்டுக்கொட்டகை, சொரூபங்களோடு முழுக் குடில் வைத்து, குழந்தை இயேசுவின் காலடியில் அதைப் படுக்கவைத்து எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். போன மார்ச் மாதம் நிலா பிறந்தாள். வருகிற இருபத்துநாலாம் தேதி ஓசூரிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஃபாதர் மந்திரிக்க வருகிறார். இன்றைய தேதியில் என் வீட்டில் குடில் இல்லை. குடில் வைக்க ஒரு முக்காலி போடும் இடமும் இல்லை. ரயில் மட்டும் மூன்று இருக்கிறது.

முதல் பொம்மை ரயிலை நீ நல்ல மனசோடுதான் அனுப்பினாய், அதை நான் குற்றம் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு அது வந்தபோது குடிலைச் சுற்றித் தண்டவாளம் போட்டு ஓட்டினார், தெருவே கைதட்டியது. அப்போது பக்கத்து வீட்டுத் தங்கமாரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இன்னாக்கா, ஆட்டுக்குட்டிய வுட ரயிலு சின்னதா கீது? ஆடு முட்டுச்சுன்னா ரயிலு கவுந்துரும் போல கீதே" என்றாள். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். முப்பத்தொரு வருஷம் கம்பெனி டூல்ரூமில் ஒரு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் பீஸைத் தூக்கிப் போட்ட மனுஷன் உன் மாமா. அவர் முகம் செத்துப்போய்விட்டது. மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போதே வெர்னியரோடு வந்தார். மந்திரித்த சொரூபங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தலையிலிருந்து கால்வரை அளந்தார்.

"சூசையப்பர் ஆறுல ஒண்ணு. மாதா ஏழுல ஒண்ணு. கொழந்த மூணுல ஒண்ணு. ஒட்டகம் பதினாறுல ஒண்ணு. ஒரே அசெம்ப்ளில நாலு ஸ்கேலு! எவன் இத பாஸ் பண்ணது?"

"ஃபாதர் மந்திரிச்சிக் குட்த்தாருங்க."

"மந்திரிச்சா அளவு மாறிடுமா?"

கம்பெனியில் தேறாத பீஸைப் போட ஒரு சிவப்பு ட்ரே உண்டாம். அதே மாதிரி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, திருக்குடும்பம், மூன்று ராஜாக்கள், ஆடுமாடு எல்லாவற்றையும் அதில் படுக்கவைத்து, 'ரிஜெக்ட்' என்று சீட்டு ஒட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். நான் தினமும் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன் பிரசன்னா. எனக்குத் தூக்கம் எப்படி வரும்?

ஸ்கேல் என்றால் என்ன என்று இப்போது நான் பத்துப் பேருக்குப் பாடம் எடுப்பேன். அது ரயிலின் ஜாதி. நிஜ ரயிலை எண்பத்தேழு பங்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு ஜாதி, நூற்றறுபதில் ஒன்றாகச் சுருக்கினால் இன்னொரு ஜாதி. ஒரு ஜாதி ரயில் இன்னொரு ஜாதித் தண்டவாளத்தில் ஏறாது, ஒரு ஜாதி மனுஷன் இன்னொரு ஜாதி ஸ்டேஷனில் நிற்கக்கூடாது. எனக்கு நம்பர் மனசில் நிற்பதில்லை, அதனால் பருப்பில் கணக்கு வைத்திருக்கிறேன். நீ முதலில் அனுப்பின ரயிலுக்குக் குழந்தை இயேசு துவரம்பருப்பு அளவு. அதற்குத் தோதாக முழு பெத்லகேமையே செய்துவிடுகிறேன் என்று எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகையை ஹாலில் போட்டார். சத்திரம், கிணறு, ஏரோது அரண்மனை எல்லாம் எழும்பியது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டேஷன் எழும்பியது.

"பெத்லகேமுக்கு எதுக்குங்க ஸ்டேஷனு?" என்றேன்.

"ரயிலு இருந்திருந்தா, மாசமா கீற பொம்பளைய கழுத மேல ஏத்திக்கினு போயிருப்பாரா சூசையப்பரு? யோசன பண்ணு."

நம்ம ஊருக்கே ரயில் கிடையாது, வாலாஜாபாத் போனால்தான் ஹார்ன் சத்தம் கேட்கும். பெத்லகேமுக்கு இரண்டு பிளாட்பாரம்.

கடைசியில் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போடுவது ஒன்றுதான் பாக்கி. போன வருஷம் நவம்பர் மாதம். அப்போதுதான் சோதனை வந்தது. பேய் பழத்தைக் காட்டித்தான் சோதிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், யூடியூபைக் காட்டியும் சோதிக்கிறது. "சலேத்து, இதே பலகைல பாதி சைஸுக்குப் போனா ஜெருசலேமும் உள்ள வந்துரும்!" என்று ராத்திரிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்தார். உனக்கு மெசேஜ் போட்டார், நீயும் அனுப்பினாய். துவரம்பருப்பு ஜாதி முழுவதும் பரணுக்குப் போனது. இந்த வீட்டுக்கு வந்த இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக குடில் வைக்கவில்லை. கேரல் பாட வந்தவர்கள் வெறும் பலகைக்கு முன்னால் நின்று பாடினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் களைப்பில், பலகையில் கோடு போட்டு வைத்திருந்த நாசரேத் மேல் உட்கார்ந்துவிட்டார். நம்ம தெரு ஜெபக்குழு அன்பியத்தில் இருக்கிற பொம்பளைங்க ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்துக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மே மாதம் ரிட்டையர் ஆனார். அதுவரைக்கும் ஷிஃப்ட் இருந்தது, ஓ.டி. இருந்தது, பெத்லகேமுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். இப்போ காலைல காப்பி குடிச்சா பலகைக்கு அடியில போறார், மத்தியானம் சோத்துக்கு வெளியே வர்றார். ஆனா ஒண்ணு சொல்றேன், மனசறிஞ்சு மறைக்கக் கூடாது. செப்டம்பர் மாசம் அந்த ரெண்டாவது ஜாதி கிட்டத்தட்ட முடிஞ்சு, விளக்கைப் போட்டு எனக்குக் காட்டினார். உளுத்தம்பருப்பு அளவுக்குக் குழந்தை, அரிசி அளவுக்கு இடையர்கள், கோபுரத்துக்குக் கோபுரம் வெளிச்சம். நான் அழுதுட்டேன். இவர் கையிலயா இவ்வளவு இருக்குதுன்னு நெனச்சு, நிலாவுக்கு இதுதான் குடில்னு இசைவாணிக்குப் போன் பண்ணியே சொல்லிட்டேன். போனை வெக்கிறதுக்குள்ள பின்னாடி இருந்து ஒரு பெருமூச்சு.

"எல்லாம் சரி. எகிப்துக்கு எடம் இல்ல சலேத்து."

"எகிப்து எதுக்குங்க?"

"ஏரோது தொரத்துனா எங்க ஓடுவாங்க? சுவத்துலயா முட்டிக்குவாங்க?"

அதுக்குத்தான் மூணாவது ஜாதி வந்துச்சு. நீயும் மாமா கேட்டா மறுக்கத் தெரியாத பிள்ளை. இருக்கிறதிலேயே பொடி ஜாதி, இருநூத்து இருபதுல ஒண்ணு. இதுல குழந்தை இயேசு கடுகு. பூதக்கண்ணாடியைக் கண்ணுல மாட்டிக்கிட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, எட்டு நாள் உட்கார்ந்து பித்தளையில அரம் போட்டுச் செஞ்சார். என்னைக் கூப்பிட்டு, "மொகத்துல சிரிப்பு தெரியுதா பாரு" என்றார். எனக்கு முகமே தெரியலை. தெரியுதுன்னு சொன்னேன். அது ஒரு பொய், கணக்குல வெச்சுக்க. ஃபேன் காத்துல பறந்துடும், பத்திரமா எடுத்து வைன்னு என் கையில கொடுத்தார். இந்த வீட்டுல என் கையைத் தவிர வேற கை படாத இடம் ஒண்ணுதான் இருக்குது, அது என் அஞ்சறைப்பெட்டி. வெந்தயம் தீர்ந்து ஒரு கிண்ணம் காலியா இருந்துச்சு. துடைச்சு, சிலுவை போட்டு, உள்ளே வெச்சேன். பக்கத்துக் கிண்ணத்துல என்ன இருக்குதுன்னு நான் யோசிச்சிருக்கணும்.

போன வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம் எங்க வீட்டுல. முடிஞ்சதும் ஃபாதர், "ஒரு வாய் சாப்ட்டுப் போறேம்மா" என்றார். அவசரத்துல பெட்டியைச் சரிச்சு இழுத்தேன், தாளிச்சேன். கடுகெல்லாம் படபடன்னு வெடிச்சுது. ஒண்ணு மட்டும் வெடிக்கலை, கரண்டியில 'டிங்'குன்னுச்சு. கடுகுல கல்லு கிடக்குது, கடைக்காரனைக் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே ரசத்துல கொட்டிட்டேன். சாயங்காலம்தான் கிண்ணம் காலின்னு பார்த்தேன். மிச்ச ரசத்தை டீ வடிகட்டியில மூணு தடவை வடிச்சோம். உன் மாமா காந்தத்தைக் கயித்துல கட்டிச் சட்டிக்குள்ள விட்டார், அப்புறம் அவரே, "பித்தளை ஒட்டாதே" என்று தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டார்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"சாமி, நான் குழந்த ஏசுவத் தாளிச்சிட்டேன் சாமி."

உள்ளே இருந்து ஃபாதர், "மறுபடி சொல்லும்மா" என்றார். எல்லாத்தையும் சொன்னேன், ஜாதி, பருப்பு, எகிப்து, ஒண்ணு விடலை.

"மந்திரிச்ச சொரூபமா அது?"

"இல்ல சாமி."

"அப்ப அது வெறும் பித்தளம்மா. பாவம் இல்ல. பயப்படாத."

"பித்தள வயித்துக்குள்ள போனா ஒண்ணும் பண்ணாதுங்களா சாமி?"

"கடுகளவுதானே, ஒண்ணும் பண்ணாது. யார் சாப்ட்டது?"

"சாமி... ரசத்த ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினது நீங்கதான் சாமி."

உள்ளே ரெண்டு தடவை இருமினார். அப்புறம் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பாவம் இல்லைன்னு சொன்னவர் எதுக்குப் பத்து கொடுத்தார்னு நான் கேக்கலை. ஞாயித்துக்கிழமை பூசையில பிரசங்கம் அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சுடுச்சு, ஊரே சந்தோஷப்பட்டுச்சு, காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் மாமா என்னை ஒரு வார்த்தை திட்டலைப்பா. திட்டியிருந்தாக் கூடத் தேவலை. ரெண்டு நாள் பலகையைப் பார்த்துக்கிட்டே இருந்தார். சரி, மனசு விட்டுடுச்சு, இனிமே சிவப்பு ட்ரேயை இழுத்து, இருக்கிற சொரூபத்தை வெச்சு ஒப்பேத்திடலாம்னு நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வர்றேன், வாசல்ல நூல் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். கனகாம்பரம் எல்லாம் பிடுங்கிக் கிடக்குது.

"சின்னதா போனதுதான் தப்பு சலேத்து. பெருசா போயிருக்கணும். தோட்டத்துல ஓட்டுற ரயிலு ஒண்ணு கீது, இருவத்திரண்டரைல ஒண்ணு. பிரசன்னாவுக்குச் சொல்லிட்டேன்."

"கிறிஸ்துமஸுக்குப் பதினஞ்சு நாள்தாங்க கீது!"

"ப்ராஜெக்ட்டுக்கு எப்பவும் பதினஞ்சு நாள்தான் இருக்கும்."

இதுதான் நெலமை. ஹால்ல பலகை, பலகைக்குள்ள ஒயர், நகர்த்த முடியாது. வாசல்ல தண்டவாளம் போடத் தோண்டின பள்ளம். ஒரு ஜாதியையாவது முடிச்சிருந்தா அதுதான் குடில்னு வெச்சிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கூரை போடுற நேரத்துக்கு அடுத்த ஜாதி கண்ணைச் சிமிட்டுது, இவரும் போயிடுறார். அந்தப் பெட்டி வந்துச்சுன்னா இந்த வருஷமும் கூரை கிடையாது, என் நேர்ச்சை போச்சு, ஏழு வருஷம் அழுது வாங்கின பிள்ளையைப் பள்ளத்துலயா படுக்க வெப்பேன்? கடைசியா கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். கடையில சரக்கு இல்லைன்னு சொல்லிடு. அது பொய்யானா அந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும், ஃபாதர் முகத்தை எப்படியும் பார்க்கத்தான் போறேன்.

உன் அப்பா பிச்சையா அண்ணனுக்கு மூட்டுவலி தேவலை. உனக்கு நல்ல குணமுள்ள பெண் கிடைக்கவும், அவளுக்கு ரயில் என்றால் ஆகாமலிருக்கவும் ஆரோக்கிய மாதா அருள் செய்வாராக. நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடும்,

உன் அத்தை,
சலேத்மேரி.

பி.கு.: கவரை ஒட்ட எச்சில் தொடுற நேரத்துல உன் மாமா போனை நீட்டி, "ஒரே ஒரு வாட்டி பாரு சலேத்து" என்றார். பெரிய ரயிலுக்குப் பின்னாடி மூடி இல்லாத கூட்ஸ் பெட்டி ஒண்ணு போகுது. நீளம் அகலம் எவ்வளவுன்னு கேட்டேன், சும்மாதான் கேட்டேன். அவர் சொன்ன அளவுக்குத் தரையில கோடு போட்டு, ட்ரேயை இழுத்து, நம்ம மந்திரிச்ச குழந்தை இயேசுவை எடுத்துப் படுக்க வெச்சுப் பார்த்தேன். விரிச்ச கையோட கச்சிதமா படுக்கிறார்ப்பா, வைக்கோல் போட ஒரு விரக்கடை மிச்சம். "ஸ்கேலு ஒத்து வராதேங்க?" என்றேன். "அவரு லோடு. லோடுக்கு ஏது ஸ்கேலு?" என்றார். நிலாவை வாசல் நடுவுல பாய் போட்டு உட்கார வெச்சுட்டா, அவ அவர் காலடிக்குப் போக வேண்டாம், அவரே தேர்ல வர்ற மாதிரி அவளைச் சுத்திச் சுத்தி வருவார். அதனால பெட்டியைத் தவறாம ஸ்ரீதர் கையில கொடுத்தனுப்பு. கூட்ஸ் பெட்டி ரெண்டா அனுப்பு. சூசையப்பரும் மாதாவும் அதுல நின்னா கவுந்துடுவாங்க போலிருக்குது, இதை விடப் பெரிய ஜாதி ஏதாவது இருக்குதா? இருந்தா மாமாவுக்குச் சொல்லாத, எனக்கு மட்டும் எழுது.