குறி தப்பாத பன்னிரண்டு குண்டுகள்

"நிறுத்துங்கய்யா! நீங்க அடிக்கிறது எங்க மேல!"

குன்றின் மேலிருந்த எங்கள் காவல் சாவடியிலிருந்து என் மச்சான் வயர்லெஸ்ஸில் இப்படிக் கதறிக்கொண்டிருந்தபோது, பீரங்கி வரலாற்றிலேயே மிகத் துல்லியமான தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு குண்டுகள். ஒன்றுகூட வீணில்லை. அத்தனையும் சொன்ன இடத்திலேயே விழுந்தன. சொன்ன இடம் மச்சான் நின்ற இடம் என்பது சின்ன விஷயம்.

மூன்று பேர் போனார்கள். மச்சானுக்கு ஒரு காது போனது. உடனே தளபதி தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். தலைமையக எழுத்தர் என்பதால் நானே அதன் செயலர்.

விஷயம் இதுதான். குண்டு கேட்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள். மேலே எதிரியின் இடம், கீழே நம் இடம். "எதிரி நமக்கு மேலயா?" என்று தளபதி கொதித்தார். 'தேசத்தின் மானம் கருதி' கட்டங்களை மாற்றி உத்தரவு போட்டோம். வயர்லெஸ்ஸில் இரண்டு இடங்களின் வரைபட எண்களை மட்டும் மேலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். எது யாருடைய இடம் என்று சொன்னால் எதிரிக்குத் தெரிந்துவிடும் அல்லவா? எதிரிக்குக் கடைசிவரை தெரியவில்லை. நமக்கும்தான்.

விசாரணைக்கு உள்ளே போகும்முன் மச்சான் என் கையைப் பிடித்தார். "வேலை போய், ஜெயிலுன்னு ஆயிட்டா உன் தங்கச்சி கதி என்ன மச்சான்? நல்லவேளை, குழுவுல நீ இருக்கே."

"முதல்ல எந்த எண்ணைச் சொன்னே?" என்றார் தளபதி.

"எங்க இடத்தைங்கய்யா. புது உத்தரவுப்படி."

பீரங்கி மேஜர் எழுந்தார். "எங்களுக்கு அப்படி ஒரு உத்தரவே வரலைங்கய்யா. எப்பவும்போல முதல் எண்ணுல அடிச்சோம். அடி எப்படி?"

"பிரமாதம்!" என்ற தளபதி என் பக்கம் திரும்பினார். "உத்தரவு போச்சா?"

பதிவேட்டை விரித்துக் காட்டினேன். 'எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பப்பட்டது.' ஊதா முத்திரை பளிச்சென்று இருந்தது. முத்திரைக்கு எதிராக வாதாட மேஜரால் முடியுமா? உட்கார்ந்துவிட்டார்.

தளபதி யோசித்தார். "பீரங்கிக்காரங்களுக்குப் பதக்கம் அறிவிச்சாச்சு. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. முத்திரை இருக்கு, ஆபீஸ் மேலயும் முடியாது. அப்ப மிச்சம் யாரு?"

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் நல்ல காதைத் திருப்பி, "என்னங்கய்யா?" என்றார்.

"முதல் குண்டு விழுந்ததுமே நீ வேற இடத்துக்குப் போயிருக்கணும். போகலை. அலட்சியம்."

வேலை நீக்கம், இரண்டு வருஷச் சிறை. தீர்ப்பை நான்தான் எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன். கூட்டிக்கொண்டு போகும்போது மச்சான் என்னையே பார்த்தார். நான் பேனாவை மூடிக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டைச் சீராக வைத்திருந்ததற்காக எனக்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் தந்தார்கள். அதைப் பத்திரப்படுத்த மேசை டிராயரைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவை நகர்த்தினேன்.

பதிவேட்டில் முத்திரையை முதலில் குத்திவிடுவோம், சாப்பிட்டு வந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு நான் வைத்த உறை, பீரங்கிப் படையின் விலாசத்தோடு, ஒட்டியது ஒட்டியபடியே அடியில் இருந்தது.