வருகைக்காரர் கைவிடப்பட்ட ஞாயிறு

கரிசல் பக்கத்தில் எத்தனையோ வகை மனிதர்கள் உண்டு. மழை வரும் என்று சொல்கிறவர் உண்டு, வராது என்று சொல்கிறவர் உண்டு, பருத்தி விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்து இறங்கியபின் விற்கிறவர் உண்டு. இவர்களையெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும். நான் அறிமுகப்படுத்தப் போவது வேறொரு வகை. பெயர், வருகைக்காரர். சொந்த வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் காப்பித்தூள் இருக்கிறதா என்று பார்க்கமாட்டார். உலகத்துக்கு ஆண்டவர் திரும்ப வருகிறார் என்றால் மட்டும் எந்த மாதம், எந்தத் திசை, எந்த நாட்டுச் சண்டைக்கு அப்புறம் என்று விரல்விட்டுச் சொல்வார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வருகையை நம்புகிறவர்களை நான் கேலி செய்யவில்லை. நானும் ஞாயிறுதோறும் கோயிலில் எழுந்து நின்று அதை அறிக்கை செய்கிறவன்தான். (எங்கள் பக்கத்தில் சர்ச்சுக்கும் கோயில் என்றுதான் பெயர்.) நம்புகிறவர் வேறு, வருகைக்காரர் வேறு. நம்புகிறவர் தன் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். வருகைக்காரர் வேலையை விட்டுவிட்டு, அடுத்தவன் விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று வீடு வீடாக எட்டிப் பார்ப்பார்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்து, எங்கோ ஒரு தீவில் பூமி லேசாக நடுங்கியதையும், ஏதோ ஒரு நாட்டில் இரண்டு மந்திரிகள் கைகுலுக்கியதையும், இன்னொரு நாட்டில் குலுக்காமல் போனதையும், வெட்டுக்கிளி வந்ததையும், வந்த வெட்டுக்கிளி திரும்பிப் போனதையும் ஒரே நூலில் கோத்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அடையாளம் பூரா நிறைவேறியாச்சு, இனி வாசப்படிதான்” என்று ஒருவர் சொன்னால், அவர்தான். மழை பெய்யாவிட்டால் பஞ்சம். அது அடையாளம். அதிகம் பெய்து உளுந்து அழுகினால் அழிவு. அதுவும் அடையாளம். அளவாகப் பெய்தால்? உலகம் சமாதானம் என்று ஏமாந்து தூங்குகிற காலம். அதைவிடப் பெரிய அடையாளம் வேறென்ன வேண்டும்?

எங்கள் தெரு வருகைக்காரரின் பெயர் ஞானாபரணம். கோவில்பட்டி ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி வரும் நேரத்தைக் கரும்பலகையில் எழுதுவதும், வராதபோது அழித்துவிட்டு வேறு நேரம் எழுதுவதுமாக வாழ்நாளைக் கழித்தவருக்கு இந்த இரண்டாவது உத்தியோகம் கைப்பழக்கத்திலேயே வந்துவிட்டது. அவர் குறித்த மாதங்கள் வந்தன. போயின.

“அண்ணாச்சி, போன செப்டம்பர்லன்னுலா சொன்னீங்க?”

“உமக்காகத்தாம்வே பொறுத்திருக்காரு. உம்மள மாதிரி ஆளு மனந்திரும்பட்டும்னு.”

ஆக, தாமதத்துக்கும் நாம்தான் காரணம்.

பக்கத்துக் கடையில் கடலைமிட்டாய் வாங்கினால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே வரிவரியாகக் கோடு அச்சடித்திருந்தால் அது கடைசிக் காலத்தில் எல்லார் நெற்றியிலும் குத்தப்போகிற மிருகத்தின் முத்திரை, வேண்டாம், சில்லறையாகக் கொடு என்பார். சுங்கச்சாவடியில் காரின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டுகிற வில்லையைக் காட்டி, “பாத்தீங்களா, நெத்தியில முத்திர இல்லாம ஒருத்தனும் தாண்ட முடியல” என்பார். அவரிடம் இருப்பது பழைய மொபெட். அதற்கு நெற்றியே கிடையாது. ஆனால் இன்வெர்ட்டர் வாங்கப் போனபோது ஐந்து வருஷ உத்தரவாதம் உண்டா என்று கடைக்காரரிடம் மன்றாடினார். வருகை இந்த வருஷம் என்றீர்களே என்று கேட்டேன். “மேல போகாம கைவிடப்பட்டவிய யாராவது உபயோகிக்கட்டுமேன்னுதான்” என்றார். என்ன தயாள குணம்!

அவருடைய பெரிய சொத்து ஒரு பிளெக்ஸ். கடைசிக் காலத்து ஏழு வருஷ உபத்திரவத்தை வருஷவாரியாகக் காட்டுகிற படம். ஏழு தலை மிருகத்துக்குப் படம் கிடைக்காமல், காதுகுத்து விளம்பரத்துக்கு வைத்திருந்த சிங்கத்தையே ஏழு முறை ஒட்டிக் கொடுத்திருந்தான் பிளெக்ஸ் கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு கோயிலுக்கு வராமல், இந்தச் சிங்கங்களைச் சுருட்டிக்கொண்டு ‘ஆயத்த ஐக்கியம்’ என்கிற கூட்டத்துக்குப் போய்விடுவார். அங்கே இவரைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர். கோயில் ஆட்கள் எல்லாரும் அனல்போன கூட்டம், வருகையின்போது எங்கள் ஐயர் உட்பட ஒருவரும் மேலே எடுத்துக்கொள்ளப்படமாட்டோம் என்பது அங்கே தீர்மானமாகியிருந்தது. (ஐயர் என்றால் எங்கள் கோயில் குருவானவர். ஆராதனையில் போன் மணி அடித்தால் அவருக்குப் பிடிக்காது, எல்லாரும் அணைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.)

பக்கத்து வீட்டு உச்சிமாகாளி ஆடு வளர்க்கிறவர். கொடை விழாவில் அருள் வந்து ஆடுகிற அம்மன் கொண்டாடி. அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தார் ஞானாபரணம்.

“ஒரு நாளு நாங்க கண்ணிமைக்கிற நேரத்துல மறைஞ்சு போவோம். உடுத்தின துணி மட்டும் அங்கங்க விழுந்து கெடக்கும். பயப்படாதேயும். எங்க கோழிக்குத் தண்ணி வச்சிரும்.”

“சரி அண்ணாச்சி. எத்தன நாளைக்கு வைக்கணும்?”

“ஏழு வருசம்.”

உச்சிமாகாளி யோசித்தார். “கோழி அம்புட்டு நாளு தாங்காதே அண்ணாச்சி.”

இதுவரை சிரித்தீர்கள். இனிமேல் கொஞ்சம் நிதானம். இவருக்கு ஒரு மகள் உண்டு. கெத்சியாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. முப்பதைத் தொட்டுவிட்டாள். மற்ற தகப்பன்மார் மாப்பிள்ளை வீட்டாரிடம் சம்பளம் கேட்பார்கள், வீடு சொந்தமா என்று கேட்பார்கள். ஞானாபரணம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“ரகசிய வருகை உபத்திரவத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?”

அந்த ஏழு வருஷக் கஷ்டத்துக்கு முன்னாலேயே விசுவாசிகள் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்களா, அதை அனுபவித்து முடித்த பின்னாலா என்று அர்த்தம். சாத்தூரில் இருந்து வந்தவர் பாவம், தெரியாமல் “பின்னால” என்றார். காப்பி ஆறுவதற்குள் வழியனுப்பி வைக்கப்பட்டார். அடுத்து வந்தவர் சம்பந்தம் கலையக் கூடாதே என்று “நடுவுல வச்சுக்கிடுவோமே” என்றார். அவருக்குக் காப்பியே வரவில்லை. மூன்றாவதாக வந்தவருக்குத் தரகர் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார். “முன்னாலதான் அண்ணாச்சி!” என்றார் சரியாக. ஞானாபரணம் முகம் மலர்ந்தது. “அப்படிச் சொல்லுங்க! நாளைக்கோ நாளான்னைக்கோ மேல போகப்போற பிள்ளையளுக்குக் கல்யாணம் எதுக்குங்கேன்?”

பின்னால் என்றால் உபதேசம் தப்பு. முன்னால் என்றால் கல்யாணமே தப்பு. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பலகாரத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்ற கெத்சியாளுக்கு வரவில்லை. அன்றைக்கு அங்கே நானும் இருந்தேன். அந்தப் பிள்ளை தட்டை அப்படியே திருப்பி உள்ளே கொண்டுபோனதைப் பார்த்தபோது, அந்தச் சிங்கங்களில் ஒன்றாவது உயிர்பெற்று இந்த மனிதரை ஒரு கடி கடிக்கக் கூடாதா என்றுதான் எனக்கு இருந்தது.

கயத்தாறில் நெடுஞ்சாலையோரம் டயர்க்கடை வைத்திருக்கிற பையனின் வீட்டார் பெண் கேட்டபோது, ஞானாபரணத்தின் மனைவி நேசபாய் கேள்வி கேட்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை என்று முடிவாயிற்று. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு பெண், மாப்பிள்ளை பெயரைக் கோயிலில் சபையார் முன் அறிவிப்பதற்கு ஓலை வாசித்தல் என்று பெயர். தடை தெரிந்தவர்கள் அப்போது எழுந்து சொல்லலாம். மகளுக்கு ஓலை வாசிப்பதைத் தகப்பனிடம் மறைக்க நேசபாய் நினைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நேருக்கு நேராகச் சொன்னாள்.

“ஏங்க, வார ஞாயிறு கெத்சிக்கு ஓலை. கயத்தாத்துக்காரவியளும் வருதாவ. கேக்குதா?”

அவர் கண் செல்போனில் இருந்தது. எருசலேமுக்கு ஒரு செவலைக் கிடாரி வந்து இறங்கியதுதான் கடைசி அடையாளம் என்று எவரோ மூச்சுவாங்க விளக்கிக்கொண்டிருந்தார்.

“ஆமாமா. நாளு நெருங்கிட்டு. எல்லாம் ஆயத்தப்படுத்துங்க” என்றார்.

“கேட்டியாட்டி? அப்பா சம்மதிச்சிட்டாவ” என்றாள் நேசபாய். அதை அவள் குறும்பாகச் சொன்னாளா, களைத்துப்போய்ச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறு வந்தது. ஆயத்த ஐக்கியத்துக்கு முதல் ஆளாகப் போன ஞானாபரணம் பிளெக்ஸை மறந்துவிட்டதால் அதை எடுக்க வீட்டுக்குத் திரும்பினார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே சத்தமில்லை. குழாயில் தண்ணீர் வந்து வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நேசபாய் தினம் கட்டுகிற சேலை நாற்காலியில் சரிந்து கிடந்தது. அதன்மேல் அவள் மூக்குக்கண்ணாடி. அறை நடுவில் மகளின் நைட்டி, கழற்றிப் போட்டபடி வட்டமாக. பாதி குடித்த காப்பி இன்னும் சுட்டது. பட்டுச்சேலையும் புதுக் கண்ணாடியுமாக ஆட்டோ பிடிக்கிற அவசரத்தில் வீடு அப்படித்தான் கிடக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். உடுத்தின துணி மட்டும் விழுந்து கிடக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவருக்கு?

மனைவிக்குப் போன் போட்டார். அணைந்திருந்தது. மகளுக்குப் போட்டார். அணைந்திருந்தது. எதிர்வீட்டுப் பாடகர் குழுக்காரருக்கு, மேலத்தெரு டீச்சருக்கு. எல்லாம் அணைந்திருந்தன. எங்கள் ஐயருக்கே போட்டார். அதுவும். ஐயரே போய்விட்டாரா! கடைசி நம்பிக்கையாக ஆயத்த ஐக்கியத்து ஆட்களுக்குப் போட்டார். ஒருவர் பாக்கியில்லாமல் முதல் மணியிலேயே எடுத்தார்கள். “எங்கன இருக்கீங்க, பிளெக்ஸ் எங்க?” என்று கேட்டார்கள். ஆயத்தமாயிருந்தவர்கள் அத்தனை பேரும் பத்திரமாகப் பூமியில் இருந்தார்கள். அனல்போன கூட்டம் மொத்தமும் மேலே போய்விட்டது. அங்கேதான் மனிதர் உடைந்தார்.

பிளெக்ஸைக் கக்கத்தில் இடுக்கியபடி, ஏன் இடுக்கினார் என்று அவருக்கே தெரியாது, உச்சிமாகாளி வீட்டுக்கு ஓடினார்.

“போயிட்டாவவே! என்னைய விட்டுட்டு எல்லாரும் போயிட்டாவ!”

“ஆமா அண்ணாச்சி. இப்பத்தான்.”

“நீரு கண்ணால பாத்தீரா?”

“பாத்தேனே. அக்காவும் பாப்பாவும் ஜம்முனு இருந்தாவ. ஆட்டோவுல போனாவ.”

“ஆட்டோவுலயா?”

“பின்ன நடந்தா போவாவ, பட்டுச்சேலையக் கெட்டிக்கிட்டு? கோயில்ல பாப்பாவுக்கு ஓலை வாசிக்காவளாமே. என்னையுந்தான் கூப்புட்டாவ. உங்களுக்குத் தெரியாதா?”

உச்சிமாகாளி கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். தெருவுக்கே தெரியும். எருசலேமில் எந்த மாடு எங்கே படுத்திருக்கிறது என்று தெரிந்தவருக்குத் தெரியாது.

கோயிலில் ஐயர் இரண்டு பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்திய நேரத்தில், பக்கக் கதவில் வேர்க்க விறுவிறுக்க, கக்கத்தில் பிளெக்ஸ் சுருளோடு ஞானாபரணம் நின்றார். கோயில் முழுக்கத் திரும்பியது. கயத்தாறு மாப்பிள்ளையின் தகப்பனார் பாதி எழுந்து நின்றார். நேசபாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கெத்சியாள் நிமிரவே இல்லை. இந்த மனிதர் வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளையின் கதை முடிந்தது என்று நான் பயந்தேன்.

ஐயரும் பயந்திருக்கவேண்டும். மெதுவாகக் கேட்டார். “ஞானாபரணம் அண்ணாச்சி, தடை ஏதும் உண்டுமா?”

அவர் காதில் விழவில்லை. பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடகர் குழுக்காரர் இருந்தார். டீச்சர் இருந்தார். மனைவி இருந்தாள். மகள் இருந்தாள். “எல்லாரும் இங்கனதான் இருக்கீங்களா!” என்று சொல்லிவிட்டு, வயசான மனிதர் குழந்தை மாதிரி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“தடையெல்லாம் ஒண்ணுமில்ல ஐயரே. எம் மவதான். இன்னொருக்க வாசிங்க. நான் கேக்கல.”

ஒரே ஆராதனையில் ஒரு ஓலையை இரண்டு தரம் வாசிக்க முறையில் இடமிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஐயர் வாசித்தார். கெத்சியாள் அப்போதுதான் தலையை நிமிர்த்தித் தகப்பனைப் பார்த்தாள்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாளே டீக்கடையில் புது விளக்கம் தயார். ஜலப்பிரளயத்துக்கு முன்னால் ஊரெல்லாம் பெண் கொண்டும் பெண் கொடுத்தும் இருந்தார்களாம், இப்போது நம்ம வீட்டிலேயே கல்யாணம் வந்துவிட்டதாம், ஆகையால் அடையாளம் உறுதியாம். அழைப்பிதழில் தேதிக்குக் கீழே, ‘அதற்குள் வருகை நிகழாத பட்சத்தில்’ என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். நேசபாய் அச்சகத்துக்கே போய் அதை நீக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சம்பந்தியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடவில்லை. கயத்தாறுக்காரர், “முன்னாலயோ பின்னாலயோ, உங்க பக்கம் பந்திக்கு எத்தன பேருன்னு மொதல்ல சொல்லுங்க அண்ணாச்சி” என்றாராம். ஆண்டவர் கிருபையால் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

நல்லவேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்று மூச்சு விடுகிறீர்கள். நீங்கள் வருகையை நம்புகிறவர்கூட இல்லையே! ஆனால் நீங்களும் எதற்கோ காத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். தேர்தல் முடியட்டும், பையனுக்கு வேலை ஆகட்டும், நாலுவழிச்சாலைக்கு நிலம் எடுத்துப் பணம் வரட்டும், அப்புறம் வீட்டாரோடு நிம்மதியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று. அதுவரைக்கும் பேப்பர், செல்போன், இதோ இந்தக் கட்டுரை. வாசித்தவரைக்கும் சந்தோஷம். நீங்கள் இதில் மூழ்கியிருந்த நேரத்தில் அடுப்படியிலிருந்து உங்களை இரண்டு தரம் கூப்பிட்டாகிவிட்டது. மூன்றாம் தரம் கூப்பிடமாட்டார்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.