சேவலும் குடையும், நடுவில் ஒரு வாத்தும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் தம்பி, பட்டாணி மூவரும் சுகம். அங்கே நீங்கள், அண்ணன், பிள்ளைகள், உங்கள் மாமியார் அத்தையின் முழங்கால் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். பட்டாணிக்கு மேல் வரிசையில் இன்னொரு பல் எட்டிப் பார்க்கிறது. சளி போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டதா என்று அவன் தூங்கும்போது மூக்குக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன், முழித்துக்கொண்டான், மறுபடி தூங்கவைத்துவிட்டு இப்போதுதான் உட்காருகிறேன். போனில் சொன்னால் "சுருக்கமா சொல்லு" என்பீர்கள். தலைமையாசிரியைக்குச் சுருக்கம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இது சுருக்கத்துக்கு அடங்குகிற சமாசாரம் இல்லை, அதனால்தான் மெயில். காலையில் கண் விழித்ததும் நீங்கள் முதலில் மெயிலைத்தான் பார்ப்பீர்கள் என்ற தைரியம் வேறு.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் மாமாவுக்கு ஒரு போன் போட்டு, மதியம் பட்டாணியைப் பார்த்துக்கொள்ள வழக்கம்போல வரச் சொல்ல வேண்டும். மகள் சொன்னால்தான் அவர் கேட்பார். என் அப்பாவை அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போதே கிளப்பி அனுப்பிவிடுவாள், அல்லது அனுப்பப் பார்ப்பாள். இரண்டு பேரும் வராவிட்டால் நாளைக்கு நான் வேலைக்குப் போக முடியாது. இருந்த லீவெல்லாம் பட்டாணியின் சளியிலேயே கரைந்துவிட்டது. இன்னொரு லீவு கேட்டால், "குழந்தை பெரிசானதும் வாங்களேன்" என்று எங்கள் மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எதுவும் இதுவரை மாறியதில்லை.

காலையில் அப்பா, மதியத்துக்கு மேல் மாமா என்ற ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். தொடர் ஓட்டத்தில் கட்டை மாற்றுகிற மாதிரி, வாசலில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பட்டாணி மாறுவான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆளுக்கு ஒரு பாட்டில் பீர், அப்பாவுக்குச் சேவல், மாமாவுக்குக் குடை. அதில் மட்டும் மாற்றமே கிடையாது, ஏனென்றால் அப்பா சேவல் ஆலையில் லாரி ஓட்டியவர், மாமா அதே தெருவில் எதிர்வாடையில் இருந்த குடை ஆலையில் கணக்குப் பார்த்தவர். அந்தக் காலத்தில் ஒரு பக்கம் தானியம் கொதித்தால் மறு பக்கத்துக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்களாம். எங்கள் கல்யாண வரவேற்பில் இரண்டு சம்பந்திகளும் தத்தம் பீர்ப் பெட்டியைக் காரிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே யாருடையதைப் பரிமாறுகிறார்கள் என்று மாறி மாறி எட்டிப் பார்த்ததை நீங்களே பார்த்துச் சிரித்தீர்கள். அவர்கள் ஓய்வு பெற்ற பிறகு குடைக்காரர்கள் சேவலை விலைக்கு வாங்கி, ஓர் ஆலையை இடித்து வண்டி நிறுத்துகிற இடமாக்கினார்கள். மிச்சமிருந்த ஆலையின் பரிசோதனைக்கூடத்தில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். உங்களுக்குத் தெரியாத விஷயம் இனிமேல்தான் வருகிறது, அண்ணி. இப்போது இரண்டும் ஒரே பீர். ஒரே பார்லி, ஒரே ஈஸ்ட், ஒரே தொட்டி. காலையில் சேவல் லேபிள் ஓடும். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு லேபிள் சுருளை மாற்றுவார்கள், குடை ஓடும். அதுவும் என்ன பீர்? எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்பதற்காக யாரையும் உறுத்தாமல், வாரக்கணக்கில் குளிரில் போட்டுத் தெளியவைக்கிற லாகர். ருசி பார்த்துவிட்டு "ஒண்ணும் தெரியலை" என்று சொன்னால் எங்கள் கூடத்தில் அதுதான் அதற்குப் பெரிய பாராட்டு. இந்த ஒரே தொட்டி சமாசாரம் ஆலையில் எல்லோருக்கும் தெரியும், ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், நம் வீட்டு இரண்டு பேரிடம் மட்டும் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா சேவல் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடிக்கிறது என்றாராம். அப்பா, குடையை விரித்துப் பிடித்து மழைத்தண்ணீரைச் சேர்த்து அடைக்கிறவர்களுக்கு வாசனையைப் பற்றி என்ன பேச்சு என்றாராம். லாரிக்காரருக்கு டீசலைத் தவிர வேறு என்ன மணம் தெரியும் என்று இவர் கேட்க, எச்சில் தொட்டுத் தாள் புரட்டியே தேய்ந்துபோன நாக்குக்கு ருசி ஒரு கேடா என்று அவர் கேட்க, அன்றோடு பேச்சு நின்றது. சரி, பெரியவர்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். நடுவில் ஒரு நாள் வேலைக்குப் போன நான் அடையாள அட்டையை மறந்துவிட்டேன் என்று மதியம் வீட்டுக்கு ஓடி வந்தால், நம் வீட்டில் ஒரு நாடகமே நடக்கிறது. அப்பா ஜன்னலோரம் நிற்கிறார். மாமா கேட்டைத் தள்ளுவது தெரிந்ததும் பட்டாணியை ஹாலில் இறக்கிவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விடுகிறார். மாமா கேட்டிலேயே நின்று கனைத்து, பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்கிறார். அதற்கு நடுவே என் குழந்தை ஹாலில் அநாதையாக உட்கார்ந்து உங்கள் தம்பியின் செருப்பைச் சப்பிக்கொண்டிருக்கிறான். செருப்பு, அண்ணி. தெருவெல்லாம் நடந்த செருப்பு. வாயைத் துடைத்து, நாக்கைப் பார்த்து, டாக்டருக்குப் போன் போட்டேன். எந்தக் கால் செருப்பு என்று கேட்டார். வைத்தியத்துக்கு அது முக்கியம் என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்துச் சொன்னேன். அவர் சிரித்ததாக உங்கள் தம்பி சொல்கிறார்.

இதை இப்படியே விட்டால் நாளைக்கு அவன் செருப்போடு நிற்க மாட்டான் என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது. எங்கள் கூடத்தில் மூன்று கிளாஸ் சோதனை என்று ஒன்று உண்டு. மூன்றில் இரண்டு ஒரே பீர், ஒன்று வேறு, எது வேறு என்று சொல்ல வேண்டும். இவர்கள் இரண்டு பேரையும் அதில் உட்காரவைத்தால் என்ன? இருப்பதோ ஒரே பீர். ஆளுக்கு ஒரு கிளாஸைக் காட்டுவார்கள், அசடு வழிவார்கள், "அட, நம்ம நாக்கு இவ்வளவுதானா" என்று சிரித்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தொட்டி ரகசியத்தை நான் வாய் திறக்கவே வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். உங்கள் தம்பி, "நீ எதையாவது சோதிக்காம இருக்க மாட்டியா" என்று கேட்டார். நான் கேட்கவில்லை. ஆறு கிளாஸை எடுத்து, பட்டாணியின் பால் பாட்டிலுக்குப் போடுகிற கிருமிநாசினி மாத்திரை கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன். இந்த வீட்டில் அதில் முங்காமல் எதுவும் மேசைக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும், போன தடவை உங்கள் மூக்குக்கண்ணாடியே முங்கியது. ஒவ்வொன்றாக நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது பட்டாணி சோபாவைப் பிடித்து எழுந்து நின்று பொத்தென்று உட்கார்ந்தான். அப்படியே போட்டுவிட்டு ஓடி, தலையைத் தடவி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, திரும்பி வந்து எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். அடையாளத்துக்கு அவனுடைய ஸ்டிக்கர்கள். இரண்டில் மீன், இரண்டில் நட்சத்திரம், கடைசியாகப் பாத்திரம் கழுவுகிற தொட்டியோரம் மிஞ்சிய இரண்டில் வாத்து. மீனிலும் நட்சத்திரத்திலும் குடையை ஊற்றினேன், வாத்தில் சேவலை. நான் வாயில் வைக்கவில்லை, இரவில் பால் கொடுக்கிறேனே. உங்கள் தம்பிக்கோ அந்த வாசனையே ஆகாது.

இன்று சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். மேசைக்கு இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர், நடுவில் உயர நாற்காலியில் நடுவர் மாதிரிப் பட்டாணி. மீனை ஒரு வாய், நட்சத்திரத்தை ஒரு வாய். இரண்டு பேர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை, எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அடுத்து வாத்து. அண்ணி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். ஒரே நேரத்தில் கிளாஸைத் தள்ளிவைத்தார்கள்.

அப்பாதான் முந்திக்கொண்டார். "இதான் குடை. தனியாத் தெரியுதே. இதை மனுஷன் குடிப்பானா?"

மாமா, "இது சேவல்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

என்ன ஊற்றினேன் என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டிலைக் காட்டித்தான் ஆக வேண்டும். காட்டினேன். வாத்தில் இருந்தது சேவல். மாமாவுக்கு வந்த சந்தோஷத்தை நான் எழுதிக் காட்ட முடியாது, மேசையைத் தட்டி, பட்டாணியின் இரண்டு கையையும் பிடித்துக் கைதட்டவே வைத்துவிட்டார். "பாத்தியாம்மா, முப்பது வருஷம் தூக்கிச் சுமந்த சரக்கையே மனுஷனுக்கு அடையாளம் தெரியலை" என்றார். அப்பா அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பா பதில் சொல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சொல்லிவிட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் மாமா. ஒரே தொட்டி. லேபிள்தான் வேற."

மாமா மெதுவாகக் கேட்டார், "எப்போலேருந்தும்மா?"

"நீங்க ரெண்டு பேரும் ரிட்டயர் ஆன கொஞ்ச நாள்லேருந்தே."

"அப்ப இத்தனை நாளா நான் குடிச்சது இவரோடதை" என்றார் மாமா.

"நான் உங்களோடதை" என்றார் அப்பா. ஒரு வாரத்தில் அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பேசியது அதுதான்.

பிறகு அப்பா சேவல் மூடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாகப் போனார். மாமா முன்கதவு வழியாகப் போனார். இரண்டு பேரும் பட்டாணிக்கு முத்தம் கொடுக்கவில்லை. அவன் இந்தக் கதவையும் அந்தக் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்து அழுதான். அவர்களுக்கு என்று மிச்சம் இருந்ததே அந்தச் சண்டை ஒன்றுதான், அதையும் நான் பிடுங்கிக்கொண்டேனோ என்று இருக்கிறது. நாளைக்கு யாராவது வருவார்களா என்பதும் தெரியவில்லை. போதாததற்கு இன்னொரு குடைச்சல். ஒரே தொட்டிப் பீரில் இரண்டு பேரும் எப்படி ஒரே கிளாஸைக் காட்டினார்கள்? பாட்டில் எண்களைப் பார்த்தேன், ஒரே நாளில் அடைத்தவை. வெயில் பட்டிருக்குமா, மூடி தளர்ந்திருக்குமா என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான், எனக்கே விளங்கவில்லை. அது கிடக்கட்டும். நீங்கள் மாமாவிடம் பதமாகப் பேச வேண்டும். பீர் என்ற வார்த்தையே வர வேண்டாம். பட்டாணி தேடுகிறான் என்று மட்டும் சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

அத்தைக்கும் அண்ணனுக்கும் எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். குளிர்ந்த தண்ணீர் குடிக்க விடாதீர்கள். உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் எப்போதும் வேண்டும், நாளைக் காலைக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
கையைப் பிசைந்துகொண்டிருக்கும்
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: அனுப்புவதற்குள் தூங்கிவிட்டேன் அண்ணி. நல்லவேளை. காலையில் கேட் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றாக நிற்கிறார்கள், முன்வாசலில். இரண்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் இல்லையாம், தெருமுனையில் பார்த்துக்கொண்டார்களாம். "பீர் ஒண்ணுதான்னு ஒத்துக்கறோம்மா. அப்ப வித்தியாசம் கிளாஸ்லதானே இருக்கணும்?" என்றார் மாமா. அப்பா நேராகச் சமையலறைக்குப் போய், நான் இன்னும் கழுவாத வாத்து கிளாஸை முகர்ந்து பார்த்து, "சம்பந்தி, இந்தாங்க" என்று நீட்டினார். மாமா முகர்ந்தார். இரண்டு பேரும் மாத்திரை டப்பாவை முகர்ந்தார்கள், அதே வாசனை. பிறகு பட்டாணியின் பால் பாட்டிலை. பிறகு என்னைப் பார்த்தார்கள். "புள்ளை இதிலயா குடிக்கிறான்?" என்றார் அப்பா. "இவ மூக்கை நம்பியா அந்தக் கம்பெனி ஓடுது?" என்றார் மாமா. என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

டப்பாவைப் பரணில் போட்டுவிட்டார்கள். அப்பா தண்ணீர் கொதிக்கவைக்கிறார், மாமா கடிகாரம் பார்க்கிறார், இரண்டு பேரும் முகர்ந்து தலையாட்டினால்தான் பட்டாணிக்குப் பால். இதை எழுதுகிற நேரத்தில் நான் கிளாஸ் துடைக்கிற துண்டுகளை முகர்ந்துகொண்டிருக்கிறார்கள். இனிமேல் ஆளுக்குப் பாதி நாள் இல்லையாம், நாள் முழுக்க இரண்டு பேருமாம், ஒருவருக்கு வாசனை தப்பினால் இன்னொருவர் வேண்டுமாம்.

அதனால் மாமாவுக்குப் போன் போட்டு வரச் சொல்ல வேண்டாம். ஒரே ஓர் உதவி. உங்களுக்கு ஆயிரம் பிள்ளைகளைச் சமாளித்த அனுபவம் உண்டு, இவர்களுக்குள் சின்னதாக ஒரு சண்டை மூட்டிவிட முடியுமா? பீர் இனிமேல் உதவாது, வேறு எதையாவது யோசியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் போதும். செருப்புகளை நான் அலமாரி மேலே ஏற்றிவிட்டேன்.