எர்த் நானாவும் பிஸ்கட் டின் கம்ப்யூட்டரும்

எர்த் நானாவைப் போல மண்ணை நம்பிய மனிதர் மாத்தளை மாவட்டத்தில் வேறு யாரும் கிடையாது. விதைக்கிறவர்கள்கூட மழையையும் கொஞ்சம் நம்புவார்கள். நானா மண்ணை மட்டும்தான் நம்பினார். ரேடியோ கரகரத்தால் எர்த் இல்லை, மண்ணுக்கு இறங்கும் கம்பி இல்லை என்பார். பல்ப் மினுங்கினால் எர்த் இல்லை. பேசி முடித்த சம்பந்தம் கைநழுவிப் போனால், மாப்பிள்ளை வீட்டில் எர்த் சரியில்லை.

வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அது தேவைப்படவில்லை; அண்ணன் என்கிற பொருளில் முஸ்லிம்கள் சொல்லும் நானாவே போதும். யட்டவத்தைக்குப் போகிற ரோட்டில் ரேடியோ, டீவி திருத்தும் கடை வைத்திருந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கோயிலையும் பள்ளிவாசலையும் விட்டால் ஊரே வெறுங்காலோடு நுழைந்த இடம் அது ஒன்றுதான். "ஒடம்புல நிக்கிற கரண்ட் எறங்கட்டும்" என்பார். அவருடைய பழைய வான் வண்டியின் பின்னால் ஓர் இரும்புச் சங்கிலி தொங்கும். வானுக்கும் எர்த் வேண்டுமாம். அது தாரில் உரசிக் கலகலத்து வருவதைக் கேட்டே, நானா எந்தச் சந்தியில் திரும்புகிறார் என்று சொல்லிவிடலாம்.

பள்ளிவாசல் மைக் ஊளையிட்டபோது, முற்றத்தில் செம்புக் கம்பி அடித்து உப்புத் தண்ணீர் ஊற்றினார். தேர்த் திருவிழாவுக்குக் கோயில் ஒலிபெருக்கி அதே ஊளையைத் தொடங்கியபோது, அங்கேயும் அதே கம்பி, அதே உப்பு. உப்பு எதற்கு என்று தர்மகர்த்தா கேட்டிருக்கிறார். மண்ணுக்கும் ருசி வேண்டாமா என்றாராம் நானா.

இந்த மனிதரிடம்தான் தொண்ணூறுகளில் என் கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்தது.

நான் ரிவர்ஸ்டன் மலைப் பனி வந்து இறங்குகிற தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த பெண்பிள்ளை. படித்து முடித்து, மாத்தளை டவுனில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது ஒரு பலகை. பச்சை நிறத்தில், கறுப்பு மரவட்டைகள் வரிசையாய்ப் படுத்துக் கிடப்பதுபோல சிப்புகள். கீபோர்டையும் டீவியையும் மாட்டினால், மனசு வந்தால் எழும்பும். வராவிட்டால் கரண்ட் வருகிறதா, வயர் இறுகியிருக்கிறதா, சிப்புகள் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்ப்பேன். பெரும்பாலும் ஏதாவது ஒரு சிப் கிளம்பியிருக்கும். கட்டைவிரலால் அமுக்கினால் கிறுக்கென்று உட்காரும்.

ஒருநாள் டீவியைத் திருத்த வந்த நானா பலகையைக் குனிந்து பார்த்தார்.

"எர்த் ஈக்குதா?"

இது சின்னக் கரண்டில் ஓடுவது, எர்த் இல்லை, தேவையுமில்லை என்றேன். தாய் தகப்பன் தேவையில்லை என்று சொல்லிவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடுத்த நாள் துளை போட்ட பிஸ்கட் டின் ஒன்றோடு வந்து, பலகையை அதற்குள் பொருத்தி, டின்னின் விலாவிலிருந்து பச்சையும் மஞ்சளுமாய் நீளமான ஒரு வயரை ஜன்னல் வழியே மண்ணுக்கு இறக்கினார். அதற்கப்புறம் அந்தப் பலகை ஒழுங்காக எழும்பத் தொடங்கியதுதான் எனக்கு ஆத்திரம்.

நாலந்தாவுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லியிருந்தார்கள். நானாவின் வானில் போனோம், சங்கிலி கலகலக்க. நாலந்தாவுக்கு முன்னால் ராணுவ செக்பொயின்ட்; யுத்த காலம் அது. இறங்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் என் பையைத் திறந்தான்.

உள்ளே பிஸ்கட் டின். டின்னில் துளைகள். துளைகளில் வயர்கள்.

தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல டின்னைத் தரையில் வைத்துவிட்டு அவன் பின்னால் நகர்ந்தான். சார்ஜன்ட் வந்தார். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். கம்ப்யூட்டர் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அது பிஸ்கட் டின் மாதிரி இருக்காது. என் அடையாள அட்டை அவர் கையில். தோட்டத்து விலாசம், தமிழ்ப் பெயர். சந்தையில் பேரம் பேசும்போது கொட்டுகிற என் சிங்களம், அப்போது கம்ப்யூட்டர் என்ற சொல்லைத் தாண்டவில்லை.

கோபமில்லாமல்தான் சொன்னார். நானா வானை எடுத்துக்கொண்டு போகலாம். நானும் டின்னும் இருக்க வேண்டும். விசாரித்துவிட்டு அனுப்புவார்கள்.

விசாரித்துவிட்டு அனுப்புவார்கள். அந்த வருஷங்களில் அந்த வாக்கியத்துக்கு முடிவு எங்கே என்று யாருக்கும் தெரியாது. எங்கள் லயத்திலிருந்து ஒரு பையன் அந்த வாக்கியத்துக்குள் போயிருந்தான். அவனுடைய அம்மா அப்போதும் பஸ் வருகிற சத்தம் கேட்டால் ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள்.

நானா வானில் ஏறவில்லை. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நின்றார். "இது என்ட தங்கச்சி சேர்" என்றார் சிங்களத்தில்.

சார்ஜன்ட் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். நானாவின் தொப்பியைப் பார்த்தார்.

"எர்த் ஒண்டுதான் சேர்" என்றார் நானா.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் வேலை செய்யட்டும், பார்க்கிறேன் என்றார். பக்கத்திலிருந்த தேத்தண்ணிக் கடையில், சிப்பாய்கள் கிரிக்கெட் பார்க்கிற டீவி ஒன்று இருந்தது. டின்னை நானே தூக்கிப் போனேன். மற்றவர்கள் தள்ளியே வந்தார்கள்.

மாட்டினேன். போட்டேன். சிவப்பு லைட் எரிந்தது. திரையில் வெறும் புள்ளி மழை. நிறுத்திப் போட்டேன். அதே மழை. கரண்ட் வருகிறது. வயர் இறுக்கம். சிப்பைத் தொடப் போனால் விரல் நடுங்கி நடுங்கி எங்கெங்கோ போகிறது.

"நானா, பூட் ஆக மாட்டேங்குது" என்றேன்.

மெஷின் எழும்பவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். நானாவுக்கு அந்த வார்த்தையில் வாழ்நாள் முழுக்கக் காலணி மட்டும்தான் கேட்டிருக்கிறது. ஒரு கணமும் தயங்காமல் சார்ஜன்ட் பக்கம் திரும்பினார்.

"சேர், டீச்சர் சொல்றா, பூட்ஸ் கழட்டோணுமாம்."

துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் சார்ஜன்டைப் பார்த்தான். சார்ஜன்ட் தன் பூட்ஸைப் பார்த்தார். நானா விளக்கத்தில் இறங்கிவிட்டார்: உடம்பில் நிற்கிற கரண்ட், இது நொய்ந்த சாமான், படித்த பிள்ளை சொல்கிறது. உச்சிவெயில் காரணமோ, நானாவின் முகத்திலிருந்த உறுதி காரணமோ, சார்ஜன்ட் பெஞ்சில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். கடை வாசலில் பூட்ஸ் வரிசை. துப்பாக்கிச் சிப்பாயின் காலுறையில் ஓர் ஓட்டை. அதன் வழியாகப் பெருவிரல் வெளியே வந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த விரலைப் பார்த்த பிறகு என் விரல் நடுங்குவது நின்றது.

இதற்குள் நானா பச்சை மஞ்சள் வயரை இழுத்துக்கொண்டு வெளியே போய், அவர்களுடைய கூடாரத்தின் இரும்பு முளையில் சுற்றிவிட்டார். மண் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து, மேசையிலிருந்த சார்ஜன்டின் பால் விடாத பிளேன்டீயைக் கையில் எடுத்தார்.

"சீனி போட்டதா சேர்?"

இல்லை என்றார் சார்ஜன்ட், ஒன்றும் புரியாமல்.

"அப்ப நல்லம்" என்று நானா அதைக் கொண்டுபோய் முளையடியில் ஊற்றினார்.

அதே நேரம் நான் பெரிய சிப்பைக் கட்டைவிரலால் அமுக்கினேன். கிறுக். மேடு பள்ளத்தில் குலுங்கிக் கிளம்பியிருந்தது. நிறுத்திப் போட்டேன். புள்ளி மழை ஓய்ந்தது. கறுப்புத் திரை. அதன் மூலையில் ஒரு சின்ன வெளிச்சக் கட்டை, மின்னி மின்னி, என்ன வேண்டும் என்று கேட்டது.

சார்ஜன்டின் பெயரைக் கேட்டேன். அதை அடித்து, திரும்பத் திரும்ப எழுதச் சொல்லி இரண்டு வரி போட்டேன். அவர் பெயர் திரையின் மேலிருந்து கீழ்வரை ஓடத் தொடங்கியது. நிற்காமல், அருவி மாதிரி. காலுறையோடு நின்று அவர் தன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, மகளின் பெயரும் வருமா என்று கேட்டார். வந்தது.

அடையாள அட்டையை என் கையில் தந்தார். நானா அவருக்கு வேறொரு பிளேன்டீ போடச் சொன்னார்.

வான் கிளம்பியது. சங்கிலி கலகலத்தது. "பாத்தீங்களா டீச்சர்" என்றார் நானா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எர்த்."

சிப் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய சட்டைப் பை கண்ணில் பட்டது. போகலாம் என்று சொன்ன பிறகும் வான் சாவி சும்மா கிடந்த பை. "ஆமாங்க நானா" என்றேன்.

இப்போது தீப்பெட்டி அளவுக் கம்ப்யூட்டர் பலகைகள் என் மேசைக்கு வருகின்றன. எழும்பாவிட்டால் கரண்ட், வயர் என்று அதே வரிசையில்தான் பார்க்கிறேன். அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. கூட வேலை செய்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலைத் தரையில் வைக்கிறேன். சில்லென்று இருக்கிறது.

எர்த் ஈக்குது, நானா.