வீடு எடுக்கலாமா, வேண்டாமா?

இந்த வீட்டில் ஒரு முடிவையாவது நானே எடுத்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்குத் தீர்மானித்தேன். மணியைக் குறித்து வைக்கக் காரணம் உண்டு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அதுதான் என் முதல் தீர்மானம்.

விஷயம் இதுதான். மகள் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கல்லூரி ஊரின் அந்தக் கோடியில், நாங்கள் இந்தக் கோடியில். முதல் வகுப்பு எட்டு மணிக்கு. ஒன்பது நாள் தாமதமாகப் போயிருக்கிறாள். இன்னும் மூன்று நாள் தாமதமானால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று கடிதமே வந்துவிட்டது. கல்லூரிக்குப் பின்தெருவில் ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றாள் மனைவி. வாடகையை நான் தருகிறேன் என்று வெளியூரிலிருக்கும் மூத்தவன் சொல்லிவிட்டான். என் கையிலிருந்த ஒரே ஆயுதமும் போயிற்று.

எனக்கு உள்ளூரப் பயம். மகளுக்குத் துணையாக அம்மா கிளம்பிவிடுவாள். நான் இங்கே தனியாகச் சுவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். சுவர் குறுக்கே பேசாது என்பது ஒரு சௌகரியம்தான். இருந்தாலும் சுவர் சுவர்தானே.

நான் சரக்குக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் மூட்டை எண்ணி, ஏழு மாதம் முன்பு ஓய்வு பெற்றவன். படிப்பு எட்டாம் வகுப்பு. எண்ணிக்கையில் மட்டும் என்னை அசைக்க முடியாது. நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீமை. பத்து நிமிஷத்தில் தீமை பதினான்கு, நன்மை ஒன்று. அந்த ஒன்றும் 'காற்றோட்டம்'.

மருந்துக்கடையில் வேலை செய்யும் மனைவிக்கு அன்று விடுமுறை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்.

"பதினோராவது என்னங்க இது? 'பஸ்ஸில் போனால் உலக அறிவு வளரும்'னு போட்டிருக்கீங்க?"

"ஏன், வளராதா?"

"நீங்க என்னைக்கு அந்த பஸ்ல போனீங்க?"

"போனதில்ல. ஆனா..."

"எண்ணிப் பார்க்காமலேயே எழுதிட்டீங்களா?"

எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. கிடங்கில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

"நாளைக்கே போறேன். வாரம் பூரா போறேன்!"

"அய்யோ, உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்?" என்றாள், அலாரத்தை நாலரைக்குத் திருகிக்கொண்டே.

ஐந்து நாள் மகளோடு போனேன். இரண்டு பஸ். முப்பத்து நான்கு நிறுத்தம். ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். அதில் இருபத்தாறு நிறுத்தம் மகள் நின்றுகொண்டே வந்தாள். மூன்றாம் நாள் ஒரு இடம் கிடைத்தது. என்னை அதில் உட்கார வைத்துவிட்டு, கம்பியில் சாய்ந்து தூங்கினாள்.

"நின்னுக்கிட்டே எப்படிம்மா தூங்குற?"

"பழகிடுச்சுப்பா. திருப்பம் வந்தா முழிப்பு வந்துடும். மொத்தம் இருபது திருப்பம்."

"இருபத்திரண்டு."

"கடைசி ரெண்டுல நான் முழிக்கிறதில்லப்பா. அதான் இறங்காம விட்டுடறேன்."

வியாழக்கிழமை பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. பத்தாவது தாமதம்.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டைத் திறந்தேன். இருபத்தாறை ஆறு என்று எழுதிவிட்டால் என் கட்சி ஜெயிக்கும். பேனாவை ஊன்றினேன். கை நகரவில்லை. முப்பத்தோரு வருஷமாகப் பொய் எண் எழுதிப் பழகாத கை. உள்ளதை உள்ளபடி எழுதி மனைவியிடம் நீட்டினேன்.

"வீட்டை எடுத்துடலாம். நான் முடிவு பண்ணிட்டேன்."

"நீங்க சொன்னா சரிதாங்க."

இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. பெருந்தன்மையும் சேர்ந்து வந்துவிட்டது.

"நீயும் அவளும் நிம்மதியா போய் இருங்க. என்னைப் பத்திக் கவலைப்படாதே."

"நானா? மருந்துக்கடை வேலையை விட்டுட்டு நான் எப்படிங்க போறது? சும்மா இருக்கிறது நீங்கதானே?"

"நானா?"

"வேற யாரு?"

உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தாள். "அப்பாவா வர்றாரு? நெஜமாவா? அப்போ சாயங்காலம் பாடம் ஒப்பிக்க எனக்கு ஆள் ஆச்சு!"

இரண்டு மாதமாகத் தூக்கம் தொங்கிய அந்த முகம் பளிச்சென்று விழித்துக்கொண்டது. நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"எனக்குச் சமைக்கத் தெரியாதே..."

"அவளுக்குத் தெரியும், சொல்லித் தருவா. நீங்க விசிலை எண்ணினா போதும்."

"முதல்ல வீட்டுக்காரங்க சம்மதிக்கணுமே?"

"போன வாரமே சாவி வாங்கியாச்சுங்க. அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, குடிவர்றவர் சத்தம் கித்தம் போடுவாரான்னு. இத்தனை வருஷமா கூட இருக்கேன், வாயே திறந்ததில்லைன்னு உத்தரவாதம் குடுத்திருக்கேன்."

இதை வன்மையாக மறுப்பதற்காக வாயைத் திறந்தேன். மகள் அதற்குள் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். மூடிக்கொண்டேன்.