சர்வர் சாமியும் புலி வருஷத்துப் பெண்ணும்

தைவானின் சின்சு நகரத்துக் கம்பெனியில் அன்று காலையிலிருந்து யாருக்கும் வேலை ஓடவில்லை. குரு லியாவ் வருகிறாராம்! மக்கர் செய்யும் லினக்ஸ் சர்வரை மந்திரத்தாலேயே வழிக்குக் கொண்டுவரும் மகானாம்! வாசலில் பொறியாளர்கள் தள்ளுமுள்ளு. எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள்தான், அதில் குறைச்சலில்லை.

சர்வர் பெட்டிகளின் தலையில் வழக்கம்போலத் தின்பண்டப் பொட்டலங்கள். பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் இயந்திரம் கோபித்துக்கொள்ளுமாம். இயந்திரத்துக்குக் கண் தெரிகிறது, வைத்தவர்களுக்குத்தான் தெரியவில்லை!

பொறியாளர் பெய்-ஷானுக்கு மட்டும் சர்வர் அறைக்குள் அனுமதியில்லை. அவள்தான் அந்தச் சர்வரைப் பராமரித்தவள். போன தடவை குரு சீன ஜோசியம் பார்த்துத் திருவாய் மலர்ந்திருந்தார்: "புலி வருஷத்துல பொறந்தவ மூச்சு பட்டுத்தான் பேக்கேஜ் மேனேஜர் படுத்துக்கிச்சு!"

மென்பொருளை இணையக் கிடங்கிலிருந்து இழுத்துவந்து நிறுவும் நிரல் அது. குரு வந்தால் ஓடும், போனால் படுக்கும். பழி பெய்-ஷான் தலையில். இன்றோடு அவளை வேலையை விட்டே அனுப்ப முதலாளி தூ முடிவுசெய்துவிட்டார்.

"பூஜையைப் பார்த்துட்டாவது போறேன் சார்" என்றாள் தூவிடம்.

"வாசல்லயே நில்லு. உள்ள கால் வைக்காதே!"

குரு சிஷ்யரோடு வந்து சர்வர் முன்னால் கையைத் தூக்கினார். "எல்லாரும் கண்ணை மூடுங்க!"

அத்தனை படிப்பாளிகளும் மூடினார்கள். சிஷ்யர் புனிதத் துணியோடு கீபோர்டைத் துடைக்கக் குனிந்தார். கண்ணை மூடாத பெய்-ஷான் பாய்ந்துபோய் கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எல்லாரும் கண்ணைத் தொறங்க! இப்ப ஓதுங்க குருவே. மந்திரத்துக்கு இது எதுக்கு?"

குரு ஓதினார், உரக்க ஓதினார், வியர்க்க வியர்க்க ஓதினார். திரையில் அதே பிழைச் செய்தி.

"என்ன குருவே, ஒண்ணும் ஆகலையே?" என்றார் தூ.

"கீபோர்டு இல்லாம எப்படிய்யா சரியாகும்!" என்று எரிந்து விழுந்தார் குரு.

எல்லார் பார்வையும் கீபோர்டின் பக்கம் திரும்பியது.

பெய்-ஷான் கீபோர்டை மாட்டி அமைப்புக் கோப்பைத் திறந்தாள். கிடங்கின் முகவரி இருக்கவேண்டிய வரியில், எப்போதோ மூடிவிட்ட பழைய கிடங்கின் முகவரி.

"நீங்க கண்ணை மூடினதும் இந்தச் சிஷ்யர் சரியான முகவரியைப் போடுவாரு. கிளம்புறப்போ பழசையே வச்சிடுவாரு. அப்பத்தானே திரும்பக் கூப்பிடுவீங்க?"

அவள் அந்த வரியைத் திருத்தினாள். நிரல் ஓடியது. சிஷ்யர் துணியைப் போட்டுவிட்டு ஓடினார், குருவும் பின்னாலேயே.

"நான் போகட்டுமா சார்?"

"அட, உட்காரும்மா!" தூ அசடு வழிந்தார். "ஆமா, இந்தப் பொட்டலத்தையெல்லாம் எடுத்துடலாமா? சர்வர் ஏதும் கோபிச்சுக்காதே?"

பெய்-ஷான் ஒரு பொட்டலத்தைக் கிழித்து அவர் கையில் திணித்தாள். "தின்னுங்க சார். அது கேட்டது ஒரு சரியான முகவரி. இத்தனை தலை இருந்தும் ஒருத்தரும் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கலையே!"